செத்தவன் காத்திருக்க வேண்டும்: ஹட்டன் கேம் கடையில் கவுண்டர் ஸ்ட்ரைக்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில், பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் 2000களின் நடுப்பகுதியில் ஒரு கேம் கடை திறந்தார்கள். ஒடுக்கமான மரப்படி, சன்னல் இல்லாத அறை, எதிரெதிர் சுவர்களை ஒட்டிய இரண்டு வரிசைக் கணினிகள். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து டியூஷனுக்கு வந்த பையன்கள்தான் வாடிக்கையாளர்கள். கார்ப் பந்தயம், கிரிக்கெட் எல்லாம் கணினியில் இருந்தன. ஆனால் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் ஆடியது பெரும்பாலும் ஒன்றைத்தான்: கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. பத்தாண்டுக்கும் மேலாக அந்த அறையை அது ஆண்டது. உலகில் அதே காலத்தில் எத்தனையோ சுடும் விளையாட்டுகள் வந்து போயின. இந்த ஒன்று மட்டும் ஏன் நிலைத்தது?

"பழைய கணினி, வேறு எது ஓடும்?" என்று கடைக்காரர் சொல்வார். அதில் உண்மை உண்டு. 500 மெகாஹேர்ட்ஸ் செயலி, 96 மெகாபைட் நினைவகம், 16 மெகாபைட் கிராபிக்ஸ் அட்டை இருந்தால் 1.6 ஓடிவிடும். கொழும்பிலிருந்து லொறியில் ஏறிவந்த, அலுவலகங்கள் கழித்துவிட்ட பென்டியம் 4 பெட்டிகளுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகளில் ஓடக்கூடிய வேறு சுடும் விளையாட்டுகளும் இருந்தன. குவேக் 3 ஓடும், அன்ரியல் டோர்னமென்ட் ஓடும். இரண்டையும் கடையில் போட்டுப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. ஆகவே கணினியின் வயது பாதிப் பதில்தான். மீதிப் பாதி விளையாட்டின் விதிகளுக்குள் இருக்கிறது, அந்த விதிகள் பிறந்த விதத்திலும் இருக்கிறது.

மாணவர் வேலை

1998 நவம்பரில் வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டை வெளியிட்டது. மைக்ரோசொஃப்டிலிருந்து விலகிய கேப் நியூவெல்லும் மைக் ஹாரிங்டனும் 1996இல் தொடங்கிய நிறுவனம் அது. விளையாட்டின் உள்ளே இருந்து அதை இயக்கும் மென்பொருளான 'இயந்திரம்' முழுக்க அவர்களுடையதல்ல. ஐடி சொஃப்ட்வெயர் உருவாக்கிய குவேக் இயந்திரத்தை உரிமம் பெற்று வாங்கி, பெருமளவுக்கு மாற்றி எழுதினார்கள். பிறகு அதைப் பிறர் திறந்து மாற்றுவதற்கான கருவிகளையும் வெளியே விட்டார்கள். ஆட்டம் நடக்கும் களமான வரைபடத்தை வரையலாம், துப்பாக்கி மாதிரிகளைச் செய்யலாம், விதிகளையே புதிதாக எழுதலாம். அப்படி எழுதப்பட்டதற்கு 'மொட்' என்று பெயர்.

வியட்நாமில் பிறந்து கனடாவில் வளர்ந்த மின் லே அப்போது சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் மாணவர். குவேக்குக்காக நேவி சீல்ஸ் என்ற மொட்டைச் செய்தவர், ஆக்ஷன் குவேக் 2 மொட்டிலும் கைவைத்தவர். அந்த வட்டாரத்தில் அறிமுகமான ஜெஸ் கிளிஃப் அவரோடு சேர்ந்தார். 1999 ஜூனில் கவுண்டர் ஸ்ட்ரைக்கின் முதல் சோதனைப் பதிப்பு இலவசமாக வெளிவந்தது. பிணைக் கைதிகளை மீட்பதுதான் அன்றைய ஆட்டம். குண்டு வைப்பதும் செயலிழக்கச் செய்வதும் அந்த ஆண்டின் பிற்பகுதியில், நான்காம் சோதனைப் பதிப்பில்தான் வந்தன. ஆடுபவர்கள் குறை சொல்வார்கள், அடுத்த பதிப்பில் அது திருத்தப்படும். வரைபடங்களில் பலவும் வெளியாட்கள் செய்தவை. மணல் நிறச் சுவர்களோடு உலகம் முழுக்கப் பரவிய டஸ்ட் வரைபடத்தைச் செய்த டேவ் ஜோன்ஸ்டன் அப்போது இங்கிலாந்தில் ஒரு பதின்ம வயதுப் பையன். வெளிவராத ஒரு விளையாட்டின் படங்களைப் பார்த்து அந்த நிறத்தை எடுத்துக்கொண்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 2001இல் வந்த டஸ்ட் 2 அவருடையதுதான்.

2000இல் வால்வ் இந்த மொட்டை வாங்கி, இருவரையும் வேலைக்கு எடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் அது பெட்டியில் அடைத்த சரக்காகக் கடைகளுக்கு வந்தது. 2003 செப்டம்பரில் 1.6 பதிப்பு, ஸ்டீம் என்ற புதிய விநியோக அமைப்போடு சேர்ந்து வந்தது. ஹட்டன் கடைக்கு வந்தது ஸ்டீம் வழியாக அல்ல. அன்று இலங்கையின் அநேகக் கேம் கடைகளில் இருந்ததுபோல உரிமம் பெறாத இறுவட்டுப் பிரதிதான். இதை மறைத்து எழுதினால் ஆய்வு பொய்யாகிவிடும்.

இந்த வரலாற்றில் நமக்கு வேண்டியது ஒன்று. பணமில்லாத மாணவர்கள் மற்றவரின் இயந்திரத்தைத் திறந்து, தங்கள் வசதிக்கு மாற்றிச் செய்த விளையாட்டு இது. மாற்றுவதற்கான பிடிகள் எல்லாம் வெளியே தெரியும்படியே விடப்பட்டிருந்தன. சுற்று நேரம், குண்டு வெடிக்கும் நேரம், தொடக்கப் பணம் என்று எதையும் ஒரு சிறு உரைக் கோப்பில் திருத்தலாம். நோட்பேட் திறக்கத் தெரிந்தால் போதும்.

காத்திருப்பு என்ற விதி

அன்றைய பெரும்பாலான சுடும் விளையாட்டுகளில் செத்தால் சில நொடிகளில் உயிர்த்தெழலாம். குவேக் 3இல் சாவு ஒரு இருமல்தான். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் அப்படியில்லை. இரண்டு அணிகள்: ஒன்று பயங்கரவாதிகள் ('டி'), மற்றது அவர்களைத் தடுக்கும் படை ('சிடி'). சுற்றுச் சுற்றாக ஆட்டம். செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை எழ முடியாது, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இயல்பு அமைப்பில் ஒரு சுற்று 5 நிமிடம். முதல் அரை நிமிடத்தில் தலையில் குண்டு வாங்கியவன் மீதி நேரம் முழுக்கக் கைகட்டி உட்கார்ந்திருப்பான்.

ஆட்டத்தின் மற்ற எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து. சாவு விலையுள்ளதாக இருப்பதால்தான் ஓடினால் காலடி கேட்கும் என்பதும், ஷிஃப்ட் விசையை அழுத்தி நடந்தால் கேட்காது என்பதும் அர்த்தமுள்ளவையாகின்றன. ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும், நின்று சுட வேண்டும். விசையை அழுத்திப் பிடித்தால் துப்பாக்கி மேலே எகிறும், அதை மௌஸால் கீழே இழுக்கக் கற்க வேண்டும். பொறுமையில்லாதவனைத் தண்டிக்கும் ஆட்டம் இது.

இந்த விதி ஹட்டன் கடைக்குள் நுழைந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. மின் லே அதை எண்ணியிருக்கவே முடியாது. அங்கே நேரம் என்பது காசு. ஒரு மணித்தியாலத்துக்குப் பணம் கட்டியவன் அதில் பாதியைச் செத்துக் கிடந்து கழித்தால், யாரிடம் போய்க் கேட்பான்? கடைக்காரரிடம்தான் கேட்டார்கள். "அண்ணே, நான் ஆடியதே பத்து நிமிடம்தான்" என்று மல்லுக்கு நின்றவர்கள் உண்டு.

முதல் தீர்வு வரைபடத்தில் கிடைத்தது. ஐஸ்வேர்ல்ட் என்று ஒரு சின்ன வரைபடம். பனிக்கட்டிச் சுவர்கள் சில, நடுவே சந்துகள், எழுந்தவுடன் எதிரி கண்முன்னே. ஒரு சுற்று ஒரு நிமிடம்கூட எடுக்காது. செத்தவன் காத்திருப்பதும் அவ்வளவுதான். குளத்தோடு கூடிய பூல் டே என்ற வரைபடமும் இதே ரகம். கடை திறந்த புதிதில் இந்த இரண்டுமே ஓடின. ஒரே இரைச்சல், ஒரே குதூகலம், எந்த உத்தியும் இல்லை.

ஆனால் ஆடத் தெரிந்தவர்களுக்கு இது சலித்துவிட்டது. அவர்களுக்கு டஸ்ட் 2 வேண்டும். இரண்டு குண்டுத் தளங்கள், நடுக் கதவு, நீண்ட வெளி, இருட்டுச் சுரங்கம். 'லோங்', 'மிட்', 'டனல்' என்று இந்த இடங்கள் பையன்களின் வாயில் ஊர்ப் பெயர்களைப்போல் பழகிப்போயின. அந்த வரைபடத்தில் சுற்று நீளும். ஆகவே உரைக் கோப்பைத் திறந்து சுற்று நேரத்தை இரண்டு நிமிடத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள். குண்டு வெடிக்க 45 நொடி என்றிருந்ததை 35 ஆக்கினார்கள். போட்டி ஆட்டக்காரர்கள் உலகின் மறுமூலையில் ஏறத்தாழ இதே எண்களுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்கள் போனது விறுவிறுப்புக்காக. ஹட்டன் பையன்கள் போனது மணித்தியாலக் கட்டணத்துக்காக.

இன்னொரு சிக்கல் கூட்டம். செத்தவன் சும்மா இருப்பதில்லை. எதிரணியின் திரையை எட்டிப் பார்த்து "டனலில் இரண்டு பேர்!" என்று கத்துவான். காசில்லாமல் வேடிக்கை பார்க்க வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்களோ அவனைவிட மோசம். விளையாட்டில் இதற்கும் ஒரு கட்டளை உண்டு: செத்தவுடன் திரை கறுத்துவிடும். கடைக்காரர் அதைப் போட்டுப் பார்த்தார். காசு கட்டிக் கறுப்புத் திரையைப் பார்ப்பதா என்று ஒரே அமளி. கடைசியில் தீர்வு மென்பொருளில் இல்லை, மேசையில் இருந்தது. இரண்டு அணிகளையும் எதிரெதிர்ச் சுவர்களில், முதுகுக்கு முதுகாக உட்காரவைத்தார். நிற்பவர்கள் தங்கள் அணிக்குப் பின்னால் மட்டும் நிற்கலாம். நிற்பவர்களுக்கு அதன்பின் ஒரு மதிப்பும் வந்தது. வாரக்கணக்கில் நின்று பார்த்தே வரைபடத்தைப் படித்துவிட்டு, காசு கிடைத்த நாளில் உட்கார்ந்து எல்லாரையும் அசரவைத்த பையன்கள் அங்கே இருந்தார்கள். செத்தவர்கள் காத்திருக்கும் விளையாட்டு என்பதால்தான் அது பார்ப்பதற்கும் நல்ல விளையாட்டாக இருந்தது. கடைசியில் ஒருவன் மட்டும் உயிரோடு மிஞ்சி, எதிரே மூவர் இருக்கும்போது, அந்த அறை முழுவதும் அவன் திரையில்தான் இருக்கும். குவேக் 3 அந்த அறையில் ஒட்டாததற்குக் காரணம் இதுவே.

800 டொலர்

தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஆயுதம் வாங்க 800 டொலர் விளையாட்டுப் பணம். சேர்க்கக்கூடிய உச்சம் 16,000. எதிரியை வீழ்த்தினால் 300, சுற்றை வென்றால் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல், தோற்றாலும் ஓர் ஆறுதல் தொகை. தொடர்ந்து தோற்றால் அந்தத் தொகை படிப்படியாக ஏறும். ஏகே-47இன் விலை 2,500, எம்4 3,100, தொலைநோக்கி வைத்த ஏடபிள்யூபி 4,750. உயிர் பிழைத்தால் துப்பாக்கி அடுத்த சுற்றுக்கும் கையில் இருக்கும், செத்தால் போய்விடும்.

கணக்கு எளிதுபோலத் தெரியும், ஆனால் இங்கேதான் அணிகள் உடையும். முதல் சுற்றில் 650 கொடுத்துக் கவசம் வாங்கித் தோற்ற அணிக்கு அடுத்த சுற்றில் கையில் இருப்பது ஏகே வாங்கப் போதாது. ஆளுக்கொரு மலிவுத் துப்பாக்கி வாங்கி மறுபடி தோற்கலாம். அல்லது அணியின் ஐந்து பேரும் எதுவும் வாங்காமல், அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்து, அடுத்த சுற்றில் முழு ஆயுதத்தோடு வரலாம். இதற்கு ஐவரும் ஒரு மனதாக வேண்டும். ஒருவன் மட்டும் ஆசையை அடக்க முடியாமல் வாங்கினால் கணக்கு குலையும். தாயின் சம்பளத் துண்டில் சேமலாப நிதி, சந்தா, தீபாவளி முற்பணம் எல்லாம் கழிந்து என்ன மிஞ்சியது என்று வீட்டில் வாசித்துக் காட்டியே வளர்ந்தவர்கள் இந்தப் பையன்கள். பணம் சேர்க்கும் சுற்று எது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகரத்துப் பையன்கள்தான் முதலில் வாங்கித் தொலைப்பார்கள் என்று தோட்டத்துப் பையன்கள் கேலி செய்வதுண்டு. அதில் எவ்வளவு உண்மை என்பது வேறு விடயம்.

விரைவிலேயே வெளியுலகப் பணமும் ஆட்டத்துக்குள் வந்தது. தோற்ற அணி இரு அணிகளின் கட்டணத்தையும் கட்ட வேண்டும். பந்தயம் என்று சொன்னால் கடைக்காரர் துரத்திவிடுவார். ஆகையால் அதை 'மெட்ச்' என்றார்கள். மெட்ச் வந்தபின் விதிகள் இறுகின. 1.6 புதிதாகக் கொண்டுவந்த கேடயத்தைத் தடைசெய்தார்கள். ஒருவன் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு மூலையில் குந்தினால் ஆட்டம் நகராது, கடிகாரம் மட்டும் நகரும். அரைவாசியில் அணிகள் பக்கம் மாற வேண்டும். எத்தனை சுற்று ஆடுவது என்பதைத் தீர்மானித்தது விளையாட்டும் அல்ல, கடைக்காரரும் அல்ல. பொகவந்தலாவைக்குப் போகும் கடைசிப் பஸ்தான். பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டில் மலைப்பாதை நடை, வீட்டில் விளக்கம் சொல்லும் வேலை வேறு. முன்னணியில் இருக்கும் அணியினர் பஸ் நேரத்தைக் காட்டி எழப் பார்ப்பதும், பின்தங்கியவர்கள் இன்னொரு சுற்றுக்குக் கெஞ்சுவதும் வழக்கமான காட்சி.

ஒலிபெருக்கியைக் குறை

2006இல் போர் மீண்டும் மூண்டு 2009 மே வரை நீடித்தது. மலையகத்தில் சண்டை இல்லை, சந்தேகம் இருந்தது. கொழும்புக்கு வேலைக்குப் போன தோட்ட இளைஞர்கள் சுற்றிவளைப்புகளில் பிடிபட்டார்கள். அடையாள அட்டை இல்லாமல் நகரத்துக்கு வருவதே துணிச்சல். அந்தக் காலத்தில், தமிழ்ப் பையன்கள் நிறைந்த ஒரு மேல்மாடி அறையிலிருந்து துப்பாக்கி வெடிக்கும் ஓசையும், குண்டு வைக்கப்பட்டுவிட்டது, பயங்கரவாதிகள் வென்றார்கள் என்று கணீரென்று ஆங்கிலத்தில் அறிவிக்கும் குரலும் தெருவில் கேட்டால் என்ன ஆகும்? கடைக்காரர் ஒலிபெருக்கிகளைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு ஆளுக்கொரு ஹெட்போன் வாங்கிப் போட்டார். கடைக்கு அது பெரிய செலவு. ஆனால் காலடியை இடம் வலம் பிரித்துக் கேட்க முடிந்ததால் ஆட்டத்தின் தரமே உயர்ந்தது. பயத்தில் செய்த செலவு ஆட்டக்காரர்களுக்கு வரமானது.

பையன்கள் எந்தப் பக்கத்தை விரும்பினார்கள் என்ற கேள்வியில் அரசியல் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். 'டி' பக்கத்துக்குக் கிராக்கி அதிகம் என்பது உண்மை. காரணம் விலைப்பட்டியல். 'டி' வாங்கும் ஏகே மலிவு. தலைக்கவசம் போட்டவனையும் தலையில் ஒரே குண்டில் வீழ்த்தும். 'சிடி' வாங்கும் எம்4க்கு அதைவிட 600 டொலர் அதிகம். டஸ்ட் 2இல் ஆட ஆடக் கைதேர்ந்த பிறகு, காத்து நிற்கும் 'சிடி' பக்கத்தையே பலர் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பெயர்களைப் பற்றிப் பேச அவர்களுக்கு விருப்பமில்லை. பேசாமல் இருந்ததில் ஒரு விவேகமும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இடியும் கம்பியும்

பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் மலைநாட்டில் பிற்பகல் இடிமழை தவறாது. தொலைபேசிக் கம்பி வழியே இறங்கும் மின்னல் எத்தனையோ மோடம்களைத் தின்றிருக்கிறது. வானம் கறுத்ததும் இணைய இணைப்பைப் பிடுங்கிவிடுவது கடையின் முதல் வேலை. ஆட்டம் நிற்காது. அறையிலிருக்கும் ஒரு கணினியே சேவையகம், மற்றவை ஒரு சுவிட்ச் பெட்டி வழியாக அதோடு பேசும். இணையம் இல்லாமலே முழு விளையாட்டும் நடக்கும். பின்னாளில் வந்த பல விளையாட்டுகள் நிறுவனத்தின் சேவையகத்தைத் தொடாமல் அசையமாட்டா. இந்த ஒரு வேறுபாடு ஹட்டனில் வாழ்வா சாவா என்ற வேறுபாடு.

தூரத்துச் சேவையகங்களோடு ஆடிப் பார்த்தவர்களும் உண்டு. சிங்கப்பூர் இங்கிருந்து சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிநொடியில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர்தான் போகும். நேர்க்கோட்டில் கம்பி இழுத்தால்கூடப் போய்வர 27 மில்லிநொடி. உண்மைப் பாதை அதைவிட வளைந்தது, மலையகத்தின் செப்புக் கம்பி வேறு தன் பங்கைக் கேட்கும். இந்தத் தாமதத்தை மறைக்க விளையாட்டில் ஒரு தந்திரம் இருக்கிறது. வால்வ் பொறியாளர் யான் பெர்னியர் 2001இல் அதை விரிவாக எழுதினார். நீங்கள் விசையை அழுத்திய செய்தி சேவையகத்துக்கு வந்ததும், அது எல்லா ஆட்டக்காரர்களையும் நீங்கள் கண்ட அந்தக் கணத்துக்குப் பின்னோக்கி நகர்த்தி, குண்டு பட்டதா என்று பார்க்கும். சுடுபவனுக்கு இது நியாயம். சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துவிட்டதாக நம்பியவன் மட்டும் ஒளிந்த பின்னும் சாவான். ஒரே அறைக்குள் ஆடிப் பழகியவர்களுக்கு இது அப்பட்டமான அநியாயமாகத் தெரிந்தது. ஓரிரு முறை ஆடிவிட்டுத் திரும்பிவந்தார்கள்.

கடையின் இறங்குமுகம்

2017இல் ஃப்ரீ ஃபயர், 2018இல் பப்ஜி மொபைல். தொலைபேசி இருந்தால் போதும், படி ஏற வேண்டியதில்லை. இவற்றில் செத்தவன் காத்திருக்க வேண்டியதுமில்லை, அந்த ஆட்டத்தைவிட்டு வெளியேறி அடுத்ததில் குதித்துவிடலாம். மணித்தியாலக் கட்டணம் தந்த பழைய சண்டை ஒரே அடியில் தீர்ந்தது. கூடவே நாற்காலிக்குப் பின்னால் நின்றவனுக்கும் வேலை இல்லாமல் போனது. ஒரு கையளவுத் திரையை எத்தனை பேர் எட்டிப் பார்க்க முடியும்? 2020இன் ஊரடங்கில் கடை மாதக்கணக்கில் பூட்டியிருந்தது. 2022இன் நீண்ட மின்வெட்டுகளில் மணித்தியாலக் கட்டணம் என்பதற்கே பொருளில்லாமல் போயிற்று.

புதிய கவுண்டர் ஸ்ட்ரைக்கைக் கொண்டுவந்து மீண்டும் தொடங்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் 2 கேட்பது 8 ஜிகாபைட் நினைவகமும் 85 ஜிகாபைட் இடமும். அப்படிப்பட்ட பெட்டிகள் பத்து வேண்டும், அவற்றோடு அறாத இணையமும் வேண்டும். பழைய 1.6 இன்றைக்கும் எந்தப் பெட்டியிலும் ஓடும், ஆனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஒரே அறைக்கு வர வேண்டும். கடைக்காரர் இரண்டையும் கணக்குப் பார்த்துவிட்டார். மேல்மாடியில் இப்போது போட்டோப் பிரதி எடுக்கிறார்கள், பரீட்சை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறார்கள், தொலைபேசிக்கு ரீலோட் போடுகிறார்கள். கணினிகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிட்டார். இரண்டிலும் விண்ணப்பப் படிவங்கள்தான் திறந்திருக்கின்றன.